படைப்பதற்கு முன் எடுத்து வைத்த சோறு

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை; ஒன்று என் கணவரின் அண்ணன் செத்தபோது அநாதையாக நின்றது. ஐந்தும் என் கையால் சோறு தின்று வளர்ந்தவை. ஒன்றையும் நான் பசியோடு படுக்கவிட்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும். நிமிரட்டும். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் வேறு எதைச் சொல்லி நிமிர்வது? வேதத்தைக்கூட எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வாசித்ததை விடமாட்டேன்.

நான் பிறந்தது இந்து வீடு. கிள்ளானில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. விசுவாசம் பிறகுதான் வந்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்ட இரவுகளில், மெதுவாக. வந்தது போகவில்லை.

எனக்கு ஒரே தம்பி. ரயில்வேயில் வேலை பார்த்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தான். அவன் கடைசிவரை எங்கள் அப்பா கும்பிட்ட சாமியையே கும்பிட்டான். "நீ உன் சாமியப் பாரு, நான் என் சாமியப் பாக்கறேன். சோத்துல மட்டும் சண்ட வேணாங்க்கா" என்பான். அப்படியே நடந்துகொண்டோம்.

எப்படி என்றால், தீபாவளி அன்று அவன் வீட்டில் எங்கள் அப்பா அம்மா படத்துக்கு முன் இலை போட்டுப் படைப்பார்கள். படைப்பதற்கு முன்பே, அவன் மனைவி ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து எங்களுக்கென்று தூக்குச்சட்டியில் வைத்துவிடுவாள். படைத்ததைக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று என் மாமியார் ஒரு காலத்தில் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். தம்பி அந்தத் தூக்குச்சட்டியோடு ரயிலேறி கிள்ளானுக்கு வருவான். செருப்பைக் கழற்றுவதற்கு முன் வாசலிலேயே சொல்லிவிடுவான்: "அக்கா, இது படைக்காதது."

கிறிஸ்துமஸுக்கு அவன் குடும்பத்தோடு வருவான். அதற்காக நான் மாட்டிறைச்சியை என் சட்டியில் ஏற்றியதே இல்லை. என் கணவருக்கு அது உயிர். "உன் தம்பி வருஷத்துக்கு ஒரு நாள் இங்க சாப்பிடறான். அதுக்கு நான் வருஷம் பூரா விரதமா?" என்று முணுமுணுப்பார். ஆசை வந்தால் கடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு திருடன்போல் வீட்டுக்குள் நுழைவார்.

படைத்ததும் படைக்காததும் எனக்கு ஒன்றுதான். சோற்றைக் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். எந்தப் படத்துக்கு முன் வைத்தாலும் அது அவருடையதுதான். மாமியார் போன பிறகு, எடுத்து வைக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்களை நினைத்து ஒருத்தி அடுப்படியில் ஒரு கரண்டி தனியாக எடுக்கிறாள் என்றால், அந்த மரியாதையை ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

என் மூன்றாவது மகளுக்கு அது அப்படி இருக்கவில்லை. அவளைப் பற்றிச் சொல்லும்போது நான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு வாய்த்தவன் குடிகாரன். அவனைத் திருத்துவதற்காக, எங்களுக்குத் தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரியோடு ஜெஞ்சாரோம் என்ற ஊரில் குறி சொல்லும் ஒருவனிடம் போய்க்கொண்டிருந்தாள். எதன் முன்னாலோ வைத்து எடுத்த சோற்றை அவன் உருட்டிக் கொடுப்பானாம். வாந்தி வந்தாலும் விழுங்க வேண்டும், துப்பினால் புருஷன் உயிருக்கு ஆபத்து என்பானாம். வருஷக்கணக்கில் விழுங்கியிருக்கிறாள். புருஷன் திருந்தவில்லை, ஈரல் கெட்டுச் செத்துப்போனான். தன்னால்தான் செத்தான் என்று என் மகள் நம்பினாள். தூக்கம் போனது, பேச்சு போனது. ஷா ஆலமில் அவள் வேலை செய்த தொழிற்சாலையில் கூட இருந்த ஒரு பெண்தான், கடை வரிசையின் மேல்மாடியில் கூடும் ஒரு சபைக்கு அவளைக் கூட்டிப்போனாள். அந்த ஜனங்கள் அவளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். கைக்குழந்தையோடு என் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது மறுபடியும் பாடினாள். அந்தப் பாட்டைக் கேட்ட தாய் நான். அந்தச் சபையை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த வருஷத் தீபாவளிக்குத் தம்பி வழக்கம்போல் வந்து, வழக்கம்போல் வாசலில் நின்று சொன்னதும், இவள் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. இனிமே இது வேணாம்."

"படைக்காததும்மா. ஒங்க அத்த எல்லாத்துக்கும் முன்னாடியே எடுத்துட்டா."

"ஒரே சட்டி மாமா. ஒரே அடுப்பு. பாதி அங்க போச்சு, பாதி இங்க வந்துச்சு."

தம்பி சிரித்தான். "அப்ப இந்த முறுக்கு? இது நேத்தே சுட்டது லா. இதுவுமா சாமி கும்பிட்டுச்சு?"

அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. "என் மனசு ஒத்துக்கல மாமா. சாப்பிட்டா தொண்டையில நிக்குது. பழசெல்லாம் வருது."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "தொண்டையில நிக்கறத ஏம்மா திணிக்கணும்? விடு" என்றான். தேநீர் மட்டும் குடித்தான். போகும்போது தூக்குச்சட்டியையும் எடுத்துக்கொண்டான். தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டே போனான்.

அடுத்த வருஷம் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான். "இது சீனர் கடை பிஸ்கட். நம்ம சாமி எதுவும் தொடல" என்றான். என் மகள் சந்தோஷமாகத் தேநீரில் தோய்த்துத் தின்றாள். அந்தக் கடை எனக்குத் தெரியும். கல்லாவுக்குக் கீழே, தரையோடு தரையாக, சிவப்பாக ஒரு சாமி மாடம் இருக்கும். முதலாளி காலையில் அதற்கு ஊதுபத்தி கொளுத்தி ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுத்தான் கடை திறப்பார். தம்பிக்கும் அது தெரியும். அவன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. நிம்மதியாகச் சாப்பிட ஏதோ ஒன்றாவது அவளுக்கு மிஞ்சட்டும்.

அந்த வாரம் ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையின் வயதான போதகரிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, தம்பி வீட்டுச் சோறு நான் சாப்பிடறது தப்பா?"

"ஒங்களுக்கு அது வெறும் சோறுன்னா வெறும் சோறுதாம்மா. ஆனா ஒங்க மகளுக்கு அது வெறும் சோறு இல்லையே. அவங்க மனசாட்சிய நீங்க மிதிக்கக்கூடாது. அவங்களும் ஒங்களத் தீர்ப்புச் சொல்லக்கூடாது."

"சரிங்கய்யா. அப்ப என் தம்பி மனசு?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "அது கஷ்டம்தாம்மா."

"கஷ்டம்னுதான ஐயா ஒங்ககிட்ட வந்தேன்."

சிரித்துவிட்டார். பிறகு எனக்காக ஜெபம் பண்ணினார்.

நானே ஒரு வழி பண்ணிக்கொண்டேன். அந்தச் சோறு என் வீட்டுக்குள் வராது, மகளுக்காக. தீபாவளிக்கு நான் ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸ் போய் அங்கேயே சாப்பிட்டு வருவேன், தம்பிக்காக. சில வருஷம் அது ஓடியது. பிறகு அவனுக்குச் சர்க்கரை முற்றி, சிறுநீரகம் போய், ரத்தம் சுத்தம் பண்ணும் இடமே கதி என்று ஆகி, ஒரு நாள் அவனும் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகளும் என்னோடு வந்தாள். நான் வற்புறுத்தவில்லை. "மாமா என்னை ஒரு நாளும் திட்டுனதில்ல" என்று அவளாகத்தான் கிளம்பினாள். கூடத்தில் அவன் படத்துக்கு முன் பெரிய இலை போட்டிருந்தார்கள். தம்பி மனைவி எங்கள் இருவரையும் உள்ளறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே படம் கண்ணில் படாதபடி இரண்டு இலை போட்டிருந்தது.

"அண்ணி, ஒங்க ரெண்டு பேருக்கும் புதுச் சட்டி வாங்கினேன். பக்கத்து வீட்டு அடுப்ப வாங்கிட்டு வந்து பின்னால தனியா வெச்சு சமைச்சேன். ஒரே சட்டி ஒரே அடுப்புன்னு பாப்பா சொன்னாளாமே, அவர் வந்து சொன்னாரு."

புருஷனைப் பறிகொடுத்து அழுது வீங்கிய கண்ணோடு அவள் இதைச் செய்திருந்தாள். என் மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு விழுந்தது. இருவரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினோம். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

என் மகள் சோற்றில் கை வைத்தாள். வைத்த கை நின்றது.

"அத்தை, இது மாமாவுக்குன்னு நினைச்சு சமைச்சதா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். தம்பி மனைவிக்குப் பொய் சொல்ல வராது.

"அவருக்குப் பிடிச்ச கொழம்பும்மா. அவர நினைக்காம எப்படி நான் கரண்டியத் தொடுவேன்?"

மகள் கையை எடுத்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்க அத்தை. என்னால முடியல" என்றாள். அது வீம்பு இல்லை. அவளைப் பெற்றவளுக்கு அது தெரியாதா?

தம்பி மனைவி கரண்டியோடு நின்றபடி என் இலையைப் பார்த்தாள். என் மகளும் என் இலையைத்தான் பார்த்தாள். போதகர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஒருத்தியின் மனசாட்சி இந்தப் பக்கம், ஒருத்தியின் துக்கம் அந்தப் பக்கம். நடுவில் ஆறிக்கொண்டிருக்கும் சோறு.

நான் சாப்பிட்டேன். மீதம் வைக்காமல் சாப்பிட்டேன். உப்பு தூக்கலாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தம்பி மனைவி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, என் தோளில் தலையைச் சாய்த்து, அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். என் மகள் எழுந்து வெளியே போய் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

திரும்பும்போது வாடகைக் காரில் ஏறினோம். பாதி வழியில் ஜன்னலைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"நான் கேட்டதுக்கப்புறமும் சாப்பிட்டீங்கம்மா."

"சாப்பிட்டேன்."

"எனக்காக நிறுத்தியிருக்கலாம்."

"நிறுத்தியிருந்தா, அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு ரெண்டாவது சாவு."

"அப்ப நான்?"

கார் ஓட்டிய பையன் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டான்.

சில மாதத்தில் அவளுக்கு ரவாங் பக்கம் வேலை மாறியது. அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடித்து, ரயிலில் இங்கே வந்துவிடுவாள். வந்ததும் என் கன்னத்தில் முத்தம் கொடுப்பாள். என் காலுக்குத் தைலம் தேய்ப்பாள். மதியம் ஆனதும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பாள். அவள் சாப்பாட்டை அவளே கொண்டு வந்திருப்பாள்.

முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு எடுத்து வைத்த தட்டு என் கையிலேயே இருந்தது. "ஏம்மா, என் கையால சாப்பிடக்கூடாதுன்னு ஆயிருச்சா?" என்று கேட்டேன்.

"அத்தை ஒங்களுக்குப் புளி, மிளகாத்தூளு, பலகாரமெல்லாம் குடுத்து விடறாங்க. நீங்களும் அங்க போய் வறீங்க. நான் தப்புன்னு சொல்லல. ஆனா ஒவ்வொரு தடவையும் இது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கேட்டா ஒங்களுக்கு வலிக்கும். கேக்காம சாப்பிட்டா எனக்கு வலிக்கும். அதனாலதாம்மா."

யோசித்துத்தான் சொன்னாள். என்னைத் தீர்ப்புச் சொல்லாமல், தன்னையும் உடைத்துக்கொள்ளாமல், தாயைப் பொய் சொல்லவும் வைக்காமல் அவள் கண்டுபிடித்த வழி அந்த டப்பா. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் சாப்பிட்டதும் தப்பு என்று எனக்குப் படவில்லை. மறுபடியும் அந்த இலை முன் உட்கார்ந்தால் மறுபடியும் சாப்பிடுவேன். இரண்டு பேரும் தப்புப் பண்ணவில்லை என்றால் இந்த வலி எங்கேயிருந்து வருகிறது? ஜெபத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒரே மேசையில் உட்காருகிறோம். அவள் அவள் டப்பாவுக்காக நன்றி சொல்கிறாள், நான் என் தட்டுக்காக நன்றி சொல்கிறேன். இரண்டும் ஒரே ஆண்டவரிடம்தான் போகிறது. கண்ணைத் திறந்தால் மேசைக்கு நடுவில் இவ்வளவு இடம். ஊரில் யார் யார் பிள்ளைக்கோ ஊட்டிய கை, பெற்ற மகள் தட்டில் ஒரு கரண்டி வைக்க முடியாமல் மடியில் கிடக்கிறது.

நான் சொல்லி எழுத வைத்த இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். அன்று நான் சாப்பிட்டது அவள் மனசாட்சி எனக்குச் சின்னதாகப் பட்டதால் அல்ல என்று முகத்துக்கு நேராகச் சொல்ல இத்தனை நாளாக வாய் வரவில்லை. பேச ஆரம்பித்தால் ஒன்று நான் அழுகிறேன், இல்லாவிட்டால் அவள் அழுகிறாள்.

நீ அவள் பெற்ற மகள், அன்று அவள் தூக்கி வந்த கைக்குழந்தை. படிப்புக்காக என்னோடு தங்கியிருப்பவள். நான் சொல்லச் சொல்ல, எதிர்க்கேள்வி கேட்காமல் எழுதிக்கொடுத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா வருவதற்கு முன், எனக்கு முதலிலிருந்து ஒருமுறை வாசித்துக் காட்டு. அவளுக்கு வலிக்கிற மாதிரி ஒரு சொல் எங்கேயாவது விழுந்திருந்தால் அங்கே நிறுத்து. மாற்றிச் சொல்கிறேன்.

வாசிம்மா. கேட்கிறேன்.