நாற்பத்தெட்டு மணி நேரம்

தகரம் வெட்டும் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷின் அக்காவின் ஆள்காட்டி விரலைத் தின்ற அன்று, சூப்பர்வைசர்தான் தன் காரிலேயே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பத்து வருஷமாக அவள் வாய்நிறைய "அண்ணே" என்று கூப்பிட்டவர். மறுநாள் காலையிலும் கார் வாசலில் வந்து நின்றது.

"வேலை ஒண்ணும் செய்ய வேணாம்மா. சும்மா வந்து உட்காரு. லீவு வீணாகாதுல்ல?"

கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்ப்பானா என்று உருகிப்போனாள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்திருந்தாள். அதே ஷெட்டில் வேலை பார்க்கும் தங்கச்சி, "மகாராணி உத்தரவு என்னவோ?" என்று கேலி செய்தாள்.

காயம் ஆறியதும் அக்காவை பாக்கிங்குக்கு மாற்றினார்கள். அண்ணனை நம்பி, மூன்றாம் நம்பருக்குத் தங்கச்சியைச் சிபாரிசு செய்ததே அக்காதான். கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலையைப் பற்றிக் கேட்டால், "வந்துடும்மா" என்பார் அண்ணன்.

ஒருநாள் மாநிலத் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். அக்கா நேரே அவரிடமே போய் வலையைக் கேட்டாள்.

"விபத்து நடந்த மெஷினுக்குத்தான் முதல்ல போடச் சொல்லுவோம். இங்க ஒண்ணுமே பதிவாகலையேம்மா."

அக்கா கையை நீட்டினாள்.

அவர் வருகைப் பதிவைப் புரட்டினார். "அடிபட்டவங்க நாற்பத்தெட்டு மணி நேரம் வேலைக்கு வராம இருந்தாத்தான் எங்க பட்டியல்ல ஏறும். நீங்க மறுநாளே வந்திருக்கீங்களே?"

அக்கா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீட்ல இருக்க முடியலைன்னு அதுவாத்தான் வந்துச்சு மேடம். நல்ல உழைப்பாளி" என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, கத்தி இவ்வளவு மெதுவாகவா இறங்கும்?

வலை வரவேயில்லை. அடுத்த மாதமே அதே மூன்றாம் நம்பரில் தங்கச்சிக்கு இரண்டு விரல்கள் போயின. மறுநாள் காலை அதே கார் வந்தது.

"பாப்பாவ அனுப்பும்மா. சும்மா வந்து உட்கார்ந்தாப் போதும்."

"இதோ வந்துட்டேண்ணே!" உள்ளேயிருந்து தங்கச்சி குரல் கொடுத்தாள். அன்று அக்கா உருகிய அதே உருக்கம் அந்தக் குரலில்.

"அவ வரமாட்டா. இன்னைக்கும் வரமாட்டா, நாளைக்கும் வரமாட்டா."

"என்னம்மா, அண்ணன நம்பலையா?"

"நம்பித்தானே அவளை அதுல உட்காரவெச்சேன்."

கதவைச் சாத்தினாள். வெளியே ஹார்ன் விடாமல் அலறியது.

"ஏங்க்கா, லீவு வீணாகுமே!"

"ஆகட்டும்டி."

தங்கச்சியின் செருப்பை எடுத்துப் பரண்மேல் எறிந்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். கடிகாரத்தில் மணி ஏழே கால்.