அக்கா நீட்டிய விரல்

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, அறுபத்தெட்டாம் வருட மழைக்காலத்தில் என் அக்கா பாக்கியம் காய்ச்சல் தணிந்து எழுந்து உட்கார்ந்து காபி கேட்டபோது, கொரட்டூர் வீட்டில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் மட்டும் அவள் பிழைக்க மாட்டாள் என்று பயந்துகொண்டிருந்தேன்.

அப்போது நான் பட்டணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். முறைப்படி நடக்காத எதையும் நம்பாத ஆள். என் ஜெபம்கூட அலுவலக விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும், கடைசியில் கையெழுத்துப் போடாததுதான் குறை. அக்கா அப்படி இல்லை. கணவர் போன பிறகு தையல் தைத்து என்னைப் படிக்கவைத்தவள். மண்ணூர்பேட்டையில் தகரக் கொட்டகையில் கூடிய ஒரு சபையைச் சேர்ந்தவள். அவர்கள் மருந்து தொடமாட்டார்கள். தலைவலி மாத்திரைகூட அவிசுவாசம்.

அந்த வருடம் ஊரெல்லாம் ஒரு சளிக்காய்ச்சல். பலருக்குத் தானாகவே சரியானது. சிலருக்கு நுரையீரலில் இறங்கிவிட்டது. யாருக்கு இறங்கும் என்பதுதான் தெரியவில்லை. எங்கள் கூடத்தில் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தோம். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை உண்டு. சிறியது, உருண்டையானது. அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனவர்கள்தான் பெரும்பாலும் மூச்சுத் திணறலுக்குப் போனார்கள், இடையில் காய்ச்சல் விட்டிருந்தாலும்கூட. டாக்டர்களிடம் சொன்னோம். "இருக்கலாம்" என்றார்கள். டாக்டர்கள் எங்கள் பேச்சுக்கு அவ்வளவு தூரம் இறங்கி வருவதே அபூர்வம்.

அக்கா படுத்ததும் மாத்திரையோடு போய் நின்றேன்.

"அத்த எடுத்துக்கினு போயி உன் பொண்டாட்டிக்குக் குடு, சாமு."

"மாத்திர வேணாங்க்கா. வெரல்ல ஒரு சொட்டு ரத்தம் மட்டும் குடு. உள்ள ஒண்ணும் போவாது, வெளியதான் வரும். மருந்து கணக்குல சேராது."

அக்கா இருமிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உன்ன வக்கீலுக்குப் படிக்கவெச்சிருக்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, நானும் ஆண்டவர்கிட்ட அடையாளம் கேக்குறேன். ரத்தம் மோசம்னு சொல்லிச்சின்னா ஆஸ்பத்திரிக்கு வரேன். அங்க மூக்குல காத்து வெப்பாங்களாமே, அத்த மட்டும் ஏத்துக்குவேன். காத்து அவரு குடுத்தது" என்றாள்.

தினமும் காலையில் விரலை நீட்டினாள். சொட்டைச் சின்னக் கண்ணாடித் துண்டில் இழுத்து, உலர்த்தி, டிபன் பாக்ஸுக்குள் பத்திரப்படுத்தி ரயில் ஏறுவேன். லிம்போசைட் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் காய்ச்சல் விட்டது. அன்றைய கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அந்த அணுக்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. 'ஆண்டவரே, என் எண்ணிக்கை தப்பாக இருக்கட்டும்' என்று ஜெபித்துவிட்டு, பக்கத்திலிருந்த நண்பரை எண்ணச் சொன்னேன். அவருக்கும் அதேதான் வந்தது.

முதல் ஜெபம் தள்ளுபடி. திரும்பும் ரயிலில் இரண்டாவதைப் போட்டேன். அதில் விண்ணப்ப நடை எதுவும் இல்லை. 'நான் சொல்வதை அவள் கேட்க வேண்டும்.' அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மறித்தாள். "இன்னா நைனா, அக்கா எய்ந்து குந்திகினு காபி குடிக்குது. நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு வர?"

உள்ளே பாஸ்டரும் சபையார் சிலரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கையில் டம்ளர்.

"இன்னா சொல்லுது?"

"மோசங்க்கா."

பாட்டு நின்றது. பாஸ்டர் கோபப்படவில்லை. "தம்பி, சொகமாயிட்டாங்க. வர ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லப் போறாங்க. நீங்க ஒரு கண்ணாடித் துண்ட நம்புறீங்களே?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"பாஸ்டரய்யா, அடையாளம் கேட்டது நானு. பதில் புடிக்கலன்னு கேக்காத மாதிரி இருக்கலாமா? கெளம்பு சாமு. கன்னியம்மா, இந்தக் காபிய மூடி வை, வந்து குடிக்கிறேன்."

பாஸ்டரே ஓடிப்போய், சபையார் ஒருவர் ஓட்டிய கம்பெனி வேனைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிவரை கூடவே வந்தார். அதை நான் மறக்கவில்லை.

மறுநாள் மதியம் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. உதடு கறுத்தது. ஆக்சிஜன் கட்டிலருகே தயாராக இருந்தது. கொரட்டூரில் இருந்திருந்தால் வேனைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நினைவு தப்பியிருந்தபோது டாக்டர்கள் ஊசிகளும் போட்டார்கள். பிறகு அதைக் கேள்விப்பட்டு, "எனக்குத் தெரியாம போட்டது என் கணக்குல வராது" என்றாள். யார் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு காலை, கண்ணாடியில் லிம்போசைட்கள் மறுபடி தலைகாட்டின. மைக்ராஸ்கோப் மேலேயே அழுதுவிட்டேன். லென்ஸைத் துடைக்க ஒரு முறை உண்டு. முறைப்படி துடைத்தேன்.

வீடு திரும்பியதும் கன்னியம்மா டம்ளரோடு வந்தாள். "இந்தா, நீ மூடிவெக்கச் சொன்ன காபி. புச்சா போட்டதுதான், பயப்படாத."

அக்கா அதன் பிறகும் பல வருடம் இருந்தாள். கடைசிவரை மாத்திரை தொடவில்லை. நான் கேட்டபோதெல்லாம் விரலை மட்டும் நீட்டினாள். நான் ஓய்வு பெறும்வரை, எந்தக் கண்ணாடியையும் அதற்குரியவருக்காக ஒரு வரி ஜெபம் சொல்லாமல் லென்ஸுக்கடியில் வைத்ததில்லை. எந்த விதிமுறையிலும் அது கிடையாது. நானாகச் சேர்த்துக்கொண்டது.

அன்பானவர்களே, ஆண்டவரிடம் கேளுங்கள், பதில் தருவார். நீங்கள் விரும்பிய பதிலாகவே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அது வரும்போது கையிலிருக்கும் காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள்.