கையால் சுற்றிப் பார்க்காத சக்கரம்

மலைச்சாலைக்காகக் காரின் முன்பக்கம் பெரிய டிஸ்க் பிரேக்கை நானே மாட்டினேன். பழைய வீல் அதில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்க்கவில்லை. மனைவியிடம், "எல்லாம் செக் பண்ணிட்டேன்" என்றேன்.

மறுநாள் குழந்தையோடு ஓசூரிலிருந்து மலையிலுள்ள நாட்றாம்பாளையத்துக்குக் கிளம்பினோம். வழியில் முன்சக்கரம் கரகரத்தது. சாலையோரப் பஞ்சர் கடை ஒன்றில் நிறுத்தினேன். கடைக்கார அம்மா ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். ஓரிடத்தில் உரசி நின்றது. கழற்றியபோது வீலின் உட்புறம் ஆழமான கீறல் விழுந்திருந்தது.

மனைவி பதறினாள். "என்னங்கம்மா ஆச்சு?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வீலு பழசும்மா. மலைக்கு இதுல வேணாம், பஸ்ஸுல போயிருங்க."

புது பிரேக் இடித்ததை மறைத்து, எனக்காகச் சொன்ன பொய் அது. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல, தப்பு என்னுது. பிரேக்க மாட்டிட்டு நான் வீல சுத்திப் பாக்கவே இல்ல."

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். ஆனால் பஸ்ஸில் தன் பக்கத்தில் எனக்கும் இடம் பிடித்திருந்தாள். அதற்கு நான் தகுதியானவன்தானா என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.