சிவநேசம் தூக்கிய கை

புலம்பெயர்ந்து வந்த சிவநேசம் வில்லரேயில் குடியிருந்த பேஸ்மென்ட்டின், அந்த நிலக்கீழ் வீட்டின், சுவர்கள் குளிர்காலம் முழுவதும் வியர்த்தன. மகள் துஷாந்தினியின் நெஞ்சு இரவெல்லாம் இழுக்கும். ஈரமில்லாத ஒரு வீடு வேண்டும். அந்தத் தாய்க்கு வேறு ஆசையே இல்லை.

அதற்கு வழியும் இருந்தது. லவாலில், இறைச்சி வைத்துச் சுற்றும் ரோல்ஸ் பலகாரம் செய்து உறையவைத்து விற்கும் கம்பனியை அவள் கணவன் ஆனந்தராசாவும் அவன் தமையன் மகேந்திரராசாவும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஆனந்தராசா பனி அள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவனுடைய பங்குகள் அவளுக்கு வந்தன. அதே கம்பனியில் அவள் ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தாள்.

2006 கோடையில், கம்பனியைத் தன் மகனுடைய கம்பனியோடு இணைக்க மகேந்திரராசா தீர்மானித்து, வாக்கெடுக்கப் பங்காளிகளின் கூட்டத்துக்கு நாள் குறித்தார். சிறு பங்காளிகள் அவர் வைத்த விலையை வாங்கிக்கொண்டு விலகவேண்டும். அந்த விலையில் ஒரு கதவுகூட வாங்க முடியாது.

சட்டத்தரணி வின்சன்ட் வழி சொன்னார்.

"சம்மதமில்லையெண்டு கூட்டத்துக்கு முன்னம் எழுதிக் குடுங்கோ அக்கா. பேந்து கோட்டிலை நியாய விலை கேக்கலாம். ஆனா அங்கை ஆதரிச்சு மட்டும் வாக்குப் போடாதேங்கோ."

அவள் கம்பனிக்கு எழுதிக் கொடுத்தாள்.

கூட்டம் இல்-பிசாரில், மகேந்திரராசாவின் வீட்டில் நடந்தது. ஆட்டிறைச்சிக் கறி மணத்தது. எல்லோரும் சொந்தக்காரர். ஆதரிப்பவர்கள் கை தூக்கும்படி அவர் கேட்டார். அவள் கை மடியில் கிடந்தது.

"என்ன நேசம், யோசிக்கிறாய்? தம்பி இருந்தால் முதல் ஆளாத் தூக்கியிருப்பான்."

"அத்தான்..."

"பெரியாக்களுக்கு முன்னாலை என்னை வெட்கப்படுத்தப் போறியோ பிள்ளை?"

அத்தனை கண்களும் அவள்மேல் திரும்பின. கணவனின் தமையனைச் சபையில் முகம் முறித்துப் பழக்கமில்லாதவள் அவள். எழுதிக் கொடுத்தாயிற்று, அதுதானே கணக்கு, இது மரியாதைக்கு என்று நினைத்தாள். கையைத் தூக்கினாள்.

"அது! எங்கடை குடும்பப் பொம்பிளை!" என்று அவர் சிரித்தார். மகன் பெயர்களைக் குறித்துக்கொண்டான்.

செய்தி கேட்ட வின்சன்ட் தலையில் கைவைத்தார்.

"ஐயோ அக்கா! ஆதரிச்சு வாக்குப் போட்டா கோட்டிலை விலை கேக்கிற உரிமை போச்சு. எழுதிக் குடுத்ததும் வீண்."

மறுநாளே அவள் மகேந்திரராசாவின் கந்தோரில் போய் அழுதாள்.

"என்ரை கடிதம் உங்களுக்குக் கிடைச்சதுதானே அத்தான்? தெரிஞ்சுகொண்டே ஏன் என்னைத் தூக்கச் சொன்னியள்?"

"வாசிச்சபடியாத்தான் கேட்டனான்" என்றார், தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே. "நான் கேட்பன். மாட்டன் எண்டு நீ சொல்லியிருக்கலாமே. ஆரும் உன்ரை கழுத்திலை கத்தி வைச்சதோ?"

"பிள்ளைக்கு மூச்சு விடேலாமல் கிடக்கு அத்தான்."

"அதுக்கு நல்ல டொக்டரைப் பார். உன்ரை பங்குக் காசுச் செக்கை வாங்கிக்கொண்டு போ. திங்கட்கிழமை நேரத்தோடை வா, ஓடர் கூடிப்போச்சு. ரோல்ஸ் சுத்த ஆள் காணாது."

அவள் செக்கை வாங்கினாள். திங்கட்கிழமை நேரத்தோடு போனாள்.