உள்ளான் நின்ற தடம்

அறுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதக் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஸ்ரீரங்கத்தின் வடக்குக் கோடியில், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். நான் திருச்சி டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை. என் கணவருக்குப் பாலக்கரையில் ஒரு மரக்கடையில் கணக்கு வேலை. ஒரே பெண். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். சிறுமியாக இருந்தபோது காவிரிப் படித்துறையில் என் வயதுப் பெண் ஒருத்தி கால் வழுக்கித் தண்ணீரோடு போனதை நேரில் பார்த்தவள் நான். அதனால் என் மகள் விஷயத்தில் கண்டிப்பு அதிகம். ஆடி பிறந்துவிட்டால் அவள் காவிரிப் பக்கமே போகக்கூடாது. பதினெட்டாம் பெருக்குக்குக்கூட நான்தான் அழைத்துப் போவேன், மேல்படியிலேயே நிற்க வைத்துத் தலையில் தண்ணீர் தெளித்துக் கூட்டி வந்துவிடுவேன். விளையாட வேண்டுமென்றால் கொள்ளிடம் இருக்கிறதே, அங்கே போ என்பேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்கள் தெருவில் எல்லாத் தாய்மார்களும் அப்படித்தான் சொல்வார்கள். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வயலுக்கான தண்ணீரைக் காவிரியில் விடுவார்கள். அது போக மிஞ்சினால்தான் கொள்ளிடத்துக்கு. எனவே ஆடியில் காவிரி படிகளை முழுங்கிக்கொண்டு ஓடும்போது, ஊரின் மறுபக்கத்தில் கொள்ளிடம் வெறும் மணலாகக் கிடக்கும். மாடு மேயும், சலவைத் துணி காயும். ஓர் ஆற்றுக்குப் பயந்து இன்னோர் ஆற்றில் பிள்ளையை விடுவதில் எங்களில் யாருக்கும் உறுத்தல் இருந்ததில்லை.

என் மகளுக்கு அந்த மணலில் பிடித்தது விளையாட்டல்ல, பறவைகள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையைப் போட்டுவிட்டு அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். தை மாதம் தண்ணீர் வடியத் தொடங்கும்போது ஈர மணலில் மட்டிகள் ஊர்ந்து போன கோடுகள் தெரியும், விரலால் இழுத்த மாதிரி. தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கமே அந்தக் கோடுகளும் போகும். மட்டிக்குப் பின்னால் நாரைகள் வரும். சாம்பல் வெள்ளையாக, அலகின் நடுவில் இடைவெளி விட்டிருக்குமே, அந்த நத்தைகுத்தி நாரை. அந்த இடைவெளி பாக்குவெட்டி மாதிரி மட்டியின் ஓட்டை நொறுக்கத்தான் என்பார் என் கணவர். இவள் நாரை தின்று போட்ட மட்டி ஓடுகளைக் கொண்டு வந்து அவர் இலைக்குப் பக்கத்திலேயே வைத்து, "எங்கப்பா நொறுங்கியிருக்கு? பாருங்க, முழுசா இருக்கு" என்பாள். அவருக்குச் சாப்பாடு இறங்காது.

பங்குனியில் ஆறு குட்டை குட்டையாகச் சுருங்கும்போது நாரைக் கூட்டம் அதிகமாகும். சித்திரையில் பெரும்பாலான குட்டைகளும் வற்றும், மட்டிகள் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும், மழைக்காலத்தில் வந்திருந்த உள்ளான் என்கிற சின்னப் பறவைகள் எங்கோ போய்விடும். ஆடிக் கடைசியில் அவற்றில் முதல் சில திரும்பி வரும். அன்றைக்கு அவள் போனது அந்த உள்ளான்களைப் பார்க்கத்தான்.

ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். மழைக்கான அறிகுறியே இல்லை. சாப்பிடும் நேரமாகியும் அவள் வராததால் நானே கூப்பிடப் போனேன். கரையோரம் இருந்த ஈரப் பள்ளத்தைத் தாண்டி, நடு ஆற்று மணல்மேட்டில் ஏறினேன். அதற்கும் அந்தப் பக்கம் ஒரு குட்டை. அதன் ஓரத்தில் குந்தியிருந்தாள். குட்டைக்குள் ஒரு பெண் முழங்கால் அளவு தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலால் துழாவித் துழாவி மட்டி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். வடகரைக் கிராமத்தைச் சேர்ந்தவள். சதையைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுப்பாள். எங்கள் தெருவில் பலருக்கும் அவளைத் தெரியும்.

"வாங்க டீச்சரம்மா. ஒங்க பொண்ணு காலையிலேருந்து என்னை மட்டி எடுக்க விடாம கேள்வி கேட்டே கொல்லுது. உள்ளானுக்குக் கால் ஏன் குட்டைங்குது. எனக்கென்ன தெரியும்? நாலு கெடைச்சா குழம்பு வைக்கத் தெரியும்."

"ஐயய்ய, பேசாதீங்க அக்கா," என்றாள் மகள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நான் சாப்பிட வா என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். இப்படி இழுபறியாக இருக்கும்போதே மேற்கிலிருந்து ஒரு கூட்டம் பறவைகள் வந்து இறங்கின. பிறகு இன்னொரு கூட்டம். நாரை, கொக்கு, உள்ளான் எல்லாம் கலந்து. எல்லாமே பரபரப்பாகக் கொத்திக்கொண்டிருந்தன. மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனையும் ஒன்றாக அவள் பார்த்ததே இல்லையாம். எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. நின்று பார்த்தேன்.

அவை எதைக் கொத்துகின்றன என்று முதலில் கவனித்தவள் அவள்தான். "அம்மா, எறும்பும்மா. மணல்லேருந்து பூச்சியெல்லாம் வெளியே ஓடி வருது."

அதற்குள் தண்ணீர் வந்திருந்தது. வெள்ளம் என்றால் சத்தம் போட்டுக்கொண்டு சுவர் மாதிரி வரும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி எதுவும் இல்லை. பாய் விரிக்கிற மாதிரி, ஓரத்தில் நுரையும் வைக்கோலும் தள்ளிக்கொண்டு, பழுப்பு நிறத்தில் மணல்மேல் படர்ந்தது. பறவைகள் அந்த ஓரத்துக்கு முன்னால் ஓடியோடித் தின்றன. மேலே எங்கோ பெய்த மழையில் மிஞ்சிய தண்ணீரை முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். தண்டோராவும் போட்டார்களாம். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு அது எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். நான் சற்று முன் தாண்டி வந்த பள்ளம் இல்லை. அந்த இடத்தில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் முதலில் பள்ளத்தைத்தான் தேடிப் போகும் என்பது வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். நாங்கள் மூவரும் மேட்டில் நின்றோம், எங்களுக்கும் கரைக்கும் நடுவில் அது ஓடியது. பின்னால், குட்டை இருந்த வடகரைப் பக்கம், அதைவிட அகலமாகத் தண்ணீர். எங்கள் பக்கத்துக் கரை கண்ணுக்கு எதிரே இருந்தது. தென்னை மரங்கள் தெரிந்தன. எங்கள் தெருமுனைப் பசு ஒன்றுகூடத் தெரிந்தது.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கப் போனேன். மட்டி எடுக்கும் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "வெரசா வாங்க, இதுதான் வண்டித்தடம், கெட்டியா இருக்கும்," என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் இறங்கினாள். நாலைந்து எட்டு வைத்திருப்பாள். மார்பு வரை உள்ளே போனாள். கூடை போயிற்று. வண்டிக்காரர்கள் கோடையில் அந்தத் தடத்தை ஒட்டித்தான் மணல் அள்ளியிருக்கிறார்கள். அவள் வீசிய முந்தானையை நாங்கள் இருவரும் பிடித்து இழுத்தோம். மேட்டில் வந்து விழுந்தவள் இருமிக்கொண்டே, "என் கூடை, என் கூடை" என்றாள். அது கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

மேடு சுருங்கிக்கொண்டு வந்தது. நான் உதவிக்குக் கத்தினேன். கரையில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களும் கத்தினார்கள். என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லை. என் மனத்தில் அப்போது ஓடியதை எழுத விருப்பமில்லை. மகளின் மணிக்கட்டை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது மட்டும், பிறகு அதில் பதிந்திருந்த வளையல் தழும்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

"அம்மா, அங்கே பாரு," என்றாள் அவள்.

மேற்கே, தண்ணீர் வந்துகொண்டிருக்கும் திசையிலேயே, பழுப்புத் தண்ணீருக்கு நடுவில் உள்ளான்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்றிரண்டல்ல, கோணல் மாணலாக ஒரு வரிசை. மேட்டிலிருந்து தொடங்கிச் சாய்வாகக் கரைப் பக்கம் போயிற்று. வரிசைக்கு இரண்டு பக்கமும் தள்ளி நாரைகள் நின்றன. அதற்கும் அப்பால் எதுவும் நிற்கவில்லை.

"உள்ளானுக்குக் கால் எவ்வளவும்மா? என் விரல் அளவு. அது நிக்குதுன்னா அங்கே தண்ணி அவ்வளவுதான்."

அவள் சொன்னது விளங்க எனக்கு நேரமாயிற்று. விளங்கிய பிறகும் கால் நகரவில்லை. கரைக்குப் போக வேண்டியவள் வெள்ளத்தை எதிர்த்து மேற்கே நடப்பதாவது! கரையில் நின்றவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். மட்டிக்காரிதான் முதலில் எழுந்தாள்.

"வாங்கம்மா. என் பேச்சைக் கேட்டு ஒரு தடவை முங்கியாச்சு. பாப்பா பேச்சையும் கேட்டுப் பாத்துடுவோம்."

நடந்தோம். தண்ணீர் கணுக்கால் அளவுதான் இருந்தது. காலுக்குக் கீழே மணல் அரித்துக்கொண்டு போவது தெரிந்தது. நாங்கள் நெருங்கினால் உள்ளான்கள் கீச்சென்று எழுந்து, தாழப் பறந்து, கொஞ்சம் முன்னால் போய் அதே வரிசையில் இறங்கும். அவை நிற்கும் இடத்தைப் பார்த்து நாங்கள் போவோம். ஒரு தடவை எனக்குக் கரை கிட்டத்தில் தெரிந்ததால் குறுக்கே காலை வைத்தேன். தொடை வரை இறங்கியது. மகள் பின்னுக்கு இழுத்தாள். "அம்மா, நாரை நிக்கற இடத்துக்குப் போகாதே, அதுக்குக் கால் நீளம்," என்றாள். பள்ளியில் நான் பெண்களை அதட்டும் அதே குரலில்.

கரைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது உள்ளான்கள் மொத்தமாக எழுந்தன. ஒரு வட்டம் போட்டுவிட்டு எங்கள் தலைக்கு மேல் கிழக்கே பறந்துவிட்டன. திரும்பவில்லை. முன்னால் வெறும் தண்ணீர். மகள் நின்றுவிட்டாள். அதுவரை தைரியமாக வந்தவள், "இனிமே தெரியலம்மா," என்று அழுதாள். அவளும் சிறு பெண் என்பது எனக்கு அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

மட்டிக்காரி எங்கள் இருவரையும் தாண்டிப் போனாள். குட்டையில் செய்தது போலவே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறுகாலால் முன்னே துழாவினாள். இருக்கிறது என்று தலையை ஆட்டுவாள், ஓர் எட்டு வைப்பாள். அவள் சேலையை நானும், என்னை மகளும் பிடித்துக்கொண்டு போனோம். முழங்கால் வரை வந்தது. அதற்கு மேலும் வந்தது. திடீரென்று அவள் நின்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. அவள் குனிந்து, தண்ணீருக்குள் கையை விட்டு, ஒரு மட்டியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கால்ல பட்டுச்சு," என்றாள். "பட்டதை விட மனசு வரலை."

மகள் அழுகையினூடே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து கொஞ்சம் போனதும் கரையில் நின்றவர்கள் வேட்டியை முடிந்து வீசினார்கள். பிடித்துக்கொண்டு ஏறினோம்.

ஏறியதும் அந்தப் பெண் அந்த ஒற்றை மட்டியை என் மகளிடம் கொடுத்தாள். "இனிமே உள்ளானை நான் தொடமாட்டேன் பாப்பா. சத்தியமா. கொக்கு கெடைச்சா மட்டும் சொல்லு." அவள் வீடு வடகரையில். அன்று பாலம் சுற்றித்தான் போனாள், கூடை இல்லாமல். மறுவாரம் சந்தையில் புதுக் கூடை வாங்கி அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.

வீட்டில் என் கணவர் எங்கள் ஈர உடையைப் பார்த்துவிட்டு, "ஆடியில கொள்ளிடத்தில ஏது தண்ணி?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எங்கள் தெருவின் அறிவு முழுவதும் இருந்தது. சாயங்காலம் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். இரு கரையும் தொட்டு ஓடுகிறதாம். மேடு எங்கே இருந்ததென்றே தெரியவில்லையாம்.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இன்றும் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். முன்பு காவிரிக்கு மட்டும் மூடுவேன், இப்போது இரண்டுக்கும். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமலும், அவசியமில்லாத இடத்தில் அதிகமாகவும் பயந்து ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டேன் என்று சில சமயம் தோன்றும். ஆனால் அடுத்த தை மாதம் தண்ணீர் வடிந்து, மட்டிக் கோடுகள் தெரிய ஆரம்பித்ததும் அவள் போகட்டுமா என்று கேட்டபோது, போ என்றுதான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே வியப்பு.

அவள் இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள், விலங்கியல்தான். லீவு முடிந்து பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம், அன்று உள்ளான்களைப் பார்த்து நடந்தபோது அவள் கையை நான் பிடித்திருந்தேனா, என் கையை அவள் பிடித்திருந்தாளா என்று யோசிக்கிறேன். சரியாகத் தெரியவில்லை, அவளாகவும் இருக்கலாம். அது தெரியாததால்தான் ஒவ்வொரு முறையும் அவள் கையை விட முடிகிறது.