என் கையில ஒட்டுன அவனோட சுகர்

வேலியில போற ஓணானைப் புடிச்சு மடியில வுட்டுக்கினு, குத்துது குடையுதுன்னா யாரு இன்னா பண்ண முடியும். நான் மடியில வுட்டுக்கல, கையில ஒட்டிக்கினேன். அவ்ளோதான் வித்தியாசம்.

எங்க வூட்டுக்காரன் ஏரியில மயங்கி வுழுந்தான். சுகரு. ரெண்டு பேரு தூக்கலைன்னா அன்னிக்கே போய்ச் சேந்திருப்பான். எங்க ஊருல பாடுன்னு ஒரு முறை உண்டு. எந்த நாளு எந்தக் குடும்பம் எந்த எடத்துல வலை கட்டணும்னு சீட்டுப் போட்டு வெச்சிருப்பாங்க. முகத்துவாரத்தாண்ட, எறா அள்ளுற எடம், எங்களுக்கு வுழுந்திருந்தது. ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க: "ரெண்டு வாரம் சுகரு ஒழுங்கா கீதுன்னு நர்சம்மா எழுதிக் குடுத்தா எறங்கட்டும். இல்லன்னா பாடு அவன் அண்ணனுக்கு." பொம்பளை எறங்கக் கூடாது, அது எழுதாத சட்டம். எனக்கு அந்த மூத்தாரைக் கண்டாலே ஆவாது. கூட்டத்துல எங்களைப் பாத்து மீசையை நீவிக்கினு ஒக்காந்திருந்தாரு.

பொன்னேரியில இருந்து வாரம் ஒருநாள் வர்ற நர்சம்மா ஒரு டப்பா கொண்டாந்துச்சு. உள்ள பெரிய காசு அளவுல வட்டமா ஒரு வில்லை. மேல்கையில வெச்சு அமுக்குனா மயிரிழை கணக்கா ஒண்ணு உள்ள போயி, பதினாலு நாளு ஓயாம சுகரைப் பாத்துக்கினே கெடக்குமாம். எட்டு மணி நேரத்துக்குள்ள ஒரு தபா, கூடக் குடுத்த மிஷினை அதாண்ட காட்டிடணும். இவன் அந்நேரம் பாத்து, கரையோரம் வீசுன வீச்சுவலையைத் தோள்ல போட்டுக்கினு உப்புத்தண்ணி சொட்டச் சொட்ட வந்து நின்னான். ஈரக் கையில பசை புடிக்காது. நர்சம்மாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. "காஞ்சதும் நீங்களே ஒட்டிடுங்கக்கா"ன்னு எனக்குக் காட்டிக் குடுத்துட்டுப் போயிடுச்சு.

அது தெரு முனை திரும்பல, இவன் சொல்றான்: "உன் கையில ஒட்டிக்கோ."

"இன்னாய்யா பேசுறே. சுகரு உனக்கா எனக்கா?"

"எனக்குத்தான். அதான் சொல்றேன். நீ கல்லு மாதிரி கீறே, ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தியா? நம்ம பாடு அண்ணன் வாயில போவணுமா?"

அந்த அண்ணன் பேரை எடுத்தான் பாரு, அதுல வுழுந்துட்டேன். ஒட்டிக்கினேன். ரவிக்கைக் கையை எறக்கி மறைச்சுக்கினு, பதினாலு நாளும் மீன் கூடையோட பழவேற்காடு மார்க்கெட்டுல ஒக்காந்தேன். பசிச்சா டீயும் பன்னும், ஊட்டுக்கு வந்தா சோறு, குழம்பு. எப்பவும் திங்கறதுதான். பாடு நமக்குத்தான்னு நெனைச்சுக்கினே இருந்தேன்.

நர்சம்மா வந்து மிஷினைப் பாத்துச்சு. மூஞ்சி மாறிப் போச்சு. "இன்னாண்ணா இது, சாப்ட்டா முன்னூறைத் தாண்டுது. காலைல வெறும் வயித்துலயும் எறங்கவே இல்ல. அடிக்கடி தாகம் எடுக்குதா? கால்ல ஏதாவது புண்ணு ஆறாம இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா"ன்னான்.

நான் பக்கத்துலதான் நிக்கிறேன். என் கால்ல கிளிஞ்சல் கிழிச்ச புண்ணு, மூணு மாசமா ஆறல, துணி சுத்தி வெச்சிருக்கேன். உப்புத்தண்ணியில நின்னா ஆறாதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கினு இருந்தேன். சொம்பு சொம்பா தண்ணி குடிக்கிறதுக்கு வெயிலைச் சொன்னேன். சேலையை எறக்கி அந்தத் துணியை மறைச்சேன்.

சாயங்காலமே கூட்டம் கூடுச்சு. பாடு மூத்தாருக்குப் போச்சு. வாயைத் தொறந்து உண்மையைச் சொன்னா ஊரை ஏமாத்துனான்னு இவனை மொத்தமா தள்ளி வெச்சிடுவாங்க. அதனால ரெண்டு பேரும் முழுங்கிக்கினு வந்தோம்.

ஊட்டுக்குள்ள வந்ததும்தான் ஆரமிச்சான். "இன்னாடி தின்னுத் தொலைச்சே? தின்னு தின்னே என் பாட்டைக் கெடுத்துட்டியே." நானும் சும்மா இல்ல, வாய்க்கு வந்தபடி கேட்டேன். அப்புறம் ரெண்டு நாளு பேச்சு வார்த்தை இல்ல. உனக்கு இன்னா பண்ணுது, கால்ல புண்ணு எப்படி கீதுன்னு ஒரு வார்த்தை வரும்னு காத்துக்கினு இருந்தேன். வெக்கம் கெட்டுப் போயி காத்துக்கினு இருந்தேன்.

மூணாம் நாளு வந்து பக்கத்துல ஒக்காந்தான். நர்சம்மா இன்னொரு டப்பா குடுத்துட்டுப் போயிருந்துச்சு, மறுபடி பாக்கலாம்னு. அதைக் கையில வெச்சு உருட்டிக்கினே இருந்தான். தொண்டையைக் கனைச்சான். எனக்கு கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, கேக்கப் போறான்னு.

"உன் தங்கச்சிக்கு சுகர் ஏதாவது கீதா?"ன்னான்.

டப்பாவைப் புடுங்கிப் பிரிச்சு, அவன் கையை இழுத்து வெச்சு அமுக்குனேன். ஐயோன்னு கத்துனான். "காசு அளவு கீற வில்லை, பதினாலு நாளு ஓயாம கேட்டுச்சுய்யா எனக்கு இன்னா பண்ணுதுன்னு. இருபது வருசமா கூடக் கீறே, நீ ஒரு தபா கேட்டியா?"ன்னேன்.

மறுநாள் காலைல அவனுக்குச் சோறு வெக்காம பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுனேன்.