ஜமுக்காளத்தில் யாரும் இல்லை

ரேஷன் கடைக் கருவி மூன்றாவது முறையும் என் கட்டைவிரலை ஏற்கவில்லை. "வெரலே தேஞ்சு போச்சேண்ணே" என்று கடைக்காரப் பெண் சிரித்தாள். ஊரார் விரல்களையெல்லாம் பிடித்து மையில் அழுத்தியவன் நான். என் விரலுக்கா இந்தக் கதி! உடனே அந்த ஊதா மையின் வாசம் மூக்கில் ஏறியது. அது வந்தால் எனக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வரும்.

ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு முந்தி, புதுப் பஞ்சாயத்துச் சட்டம் வந்து, எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மிளகாய்க் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த கிழக்குத் தெரு பஞ்சவர்ணம் ஜெயித்தார். நான் எழுத்தர். பத்தாவது பாஸ், நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கிராம சபைக்கு ஐம்பது பேராவது வந்தால்தான் கிழக்குத் தெருவுக்குக் குழாய் போடும் தீர்மானம் நிறைவேறும். அதுவரை அந்தப் பெண்கள் மேலத்தெருக் கிணற்றடியில், யாராவது இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். கூச்சப்பேர்வழியான நான், வழக்கம்போல முதல் நாளே வீடு வீடாக வருகை நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்தும் ரேகையும் வாங்கிவிட்டேன். யாரும் மறுக்கவில்லை.

"எம்புட்டுக் கையெழுத்து வேணும்னாலும் போடுறேன்ப்பா. அவ நாற்காலில இருக்க, நான் கீழ சம்மணம் போடவா?" என்றார் மேலத்தெருவில் நிலம் நிறைய வைத்திருந்த ஒரு பெரிய சம்சாரி.

மறுநாள் மத்தியானம் ஊராட்சி அலுவலகத்தின் முன் ஜமுக்காளம் விரித்தது விரித்தபடி கிடந்தது. கிழக்குத் தெருக்காரர்களை அன்றைக்கென்று பார்த்து மேலத்தெருக்காரர்கள் தங்கள் காட்டுக்கு மிளகாய் பறிக்கக் கூட்டிப் போய்விட்டார்கள். எதிரே மேலத்தெருவில் கதவெல்லாம் சாத்தியிருந்தது. ஆனால் உள்ளே ஆள் இருந்தது தெரிந்தது.

"நோட்டு முழுக்கக் கையெழுத்து இருக்குல்ல தம்பி? பேரைப் படிங்க" என்றார் தலைவர்.

"ஒருத்தரும் வரலையேக்கா..."

"வந்துருக்கோம்னு அவுகதான எழுதிக் குடுத்துருக்காக. படிங்க."

படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஜமுக்காளத்தில் ஓரிடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். சிரிக்காதீர்கள், இருபது பெயருக்குமேல் எனக்கும் அங்கே ஆள் நிறைந்துகொண்டே வருவதுபோல் தோன்றியது. வெள்ளாடு ஒன்று ஓரம்வரை வந்து, நின்று பார்த்து, சுற்றிக்கொண்டு போனது.

"காளியம்மாள்" என்றேன்.

"இருக்கேன்."

சாத்திய கதவு ஒன்றுக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தப் பெண்குரல். மேலத்தெருக் காளியம்மாள் காலையிலேயே அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறியதை நான் பார்த்திருந்தேன்.

தலைவர் அசையவில்லை. கதவுகளைப் பார்த்துக் கேட்டார். "குழாய்க்கு யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா?"

காற்றுகூட இல்லை.

"இல்ல. எழுதிக்கங்க தம்பி."

குழாய் வந்தது. குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

பஞ்சவர்ணம் அக்கா இப்போது இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் முடிந்து தலைவர் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. அதிகாரி வந்து கூட்டம் நடத்துகிறார். செல்போனில் போட்டோ எடுத்தால் போதும், யாரும் பெயர் படிப்பதில்லை. போன கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான், "இருக்கேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என்னை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.